யாரும் சிரிக்காத நகைச்சுவைப் படம்

செய்தி வந்தபோது நான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரத்தை எடிட் செய்துகொண்டிருந்தேன். ‘நாளைக்குப் பூஜை டீம்’ என்றொரு வாட்ஸப் குழு எங்களுக்கு உண்டு. பல வருடங்களாக அது பிறந்தநாள் வாழ்த்துக்காக மட்டுமே உயிரோடு இருக்கிறது. அன்று காலை அதில், “நம்ம லூர்து சார் போயிட்டார்” என்று யாரோ போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, மேலே இருப்பதைப் படிக்காமலேயே, பழக்க தோஷத்தில் ஒருவர் கேக் படத்தையும் பலூனையும் அனுப்பி, “மெனி மோர் ஹேப்பி ரிட்டர்ன்ஸ் சார்” என்று வாழ்த்தியிருந்தார். சற்று நேரத்தில் பதறிப்போய் அதை அழித்தும் விட்டார். எனக்கு அழுகை வரும் முன் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் லூர்து சார் மட்டும் இருந்திருந்தால், “அழிக்காதே பா, இன்னிக்கு நடந்ததுலயே இதான் நல்ல சீன்” என்று சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்துநாதன் பிரேசர் டவுனில் பிறந்தவர், அங்கேயே வளர்ந்தவர், அங்கேயே முடிந்தவர். கன்னடப் படங்களில் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் நெடுங்காலம் வேலை பார்த்தார். தன் பெயரில் இயக்கியது ஒரே ஒரு படம். தமிழில். அதன் பெயர் ‘நாளைக்குப் பூஜை’. சினிமாத் தொழிலையே கிண்டலடித்த நகைச்சுவைப் படம். படுதோல்வி. அதற்கு எடிட்டர் நான்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது ‘படுதோல்வி’ என்றெல்லாம் எழுத வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ‘காலத்தை முந்திய படம்’ என்று எழுதலாமே என்றார். அப்படி எழுதினால் லூர்து சார் எழுந்து வந்து உதைப்பார். யாரோ ஒருமுறை அவரிடமே அப்படிச் சொன்னபோது, “காலத்த முந்திடுச்சா? தியேட்டருக்கே லேட்டாத்தானே வந்துது” என்று கேட்டு அந்த மனிதரை வாயடைக்க வைத்தவர் அவர்.

படத்தின் கதை இதுதான். ஒரு தயாரிப்பாளர் மாதம் ஒரு படத்துக்குப் பூஜை போடுவார். மாலை, தேங்காய், போட்டோ எல்லாம் உண்டு. மறுநாள் படப்பிடிப்பு மட்டும் இருக்காது. அத்தனை பூஜைகளுக்கும் மாலை கொண்டுவந்து, பூசணிக்காய் உடைத்துக் கொடுப்பவன் மாணிக்கம். ஒருநாள் பூஜை நேரத்தில் இயக்குநர் வராமல் போக, ‘உன்னைவிடப் பூஜை பார்த்தவன் யார்’ என்று மாணிக்கத்தையே இயக்குநராக உட்கார வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். மாணிக்கம் உண்மையிலேயே படம் எடுக்க ஆசைப்படுகிறான். அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் படம் எடுக்கும் எண்ணமே கிடையாது.

முதன்முதலில் லூர்து சாரைப் பார்த்தபோது என் சொந்த ஊர் எது என்று கேட்டார். திண்டிவனம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. கன்னடத்தில் திண்டி என்றால் டிபன். “ஊர் பேரே டிபன் காடா? நீ நமக்குச் சரியா வருவே” என்று சொல்லி, அந்தக் காரணத்துக்காகவே என்னை எடிட்டராக வைத்துக்கொண்டார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். என் வேலையின் மாதிரியை அவர் கேட்கவே இல்லை.

பூஜையைக் கிண்டல் செய்யும் படத்துக்குப் பூஜை எதற்கு என்று அவர் பூஜை வைக்கவில்லை. முதல் நாள் கேமராமேன் கேமராவைத் தொட மறுத்துவிட்டார். கற்பூரம் ஏற்றாமல் அவர் வாழ்நாளில் ஒரு ஷாட் எடுத்ததில்லையாம். லைட் ஆட்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். லூர்து சார் கழுத்தில் ஜெபமாலையோடு நின்று கொஞ்சம் யோசித்தார். “சரி, வைங்கப்பா. நல்லா பெருசா வைங்க” என்றார். ஆரத்தித் தட்டைத் தானே பிடித்தார். கேமராமேன் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த நேரத்தில் உதவியாளரிடம் கண்ணைக் காட்டி, இரண்டாவது கேமராவை ஓடவிட்டிருக்கிறார். படத்தின் முதல் காட்சியே அந்தப் பூஜைதான். எடிட்டிங் அறையில் தன்னையே திரையில் பார்த்த கேமராமேன் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. பிறகு, தன் முகத்தில் இருக்கும் பக்தி எந்த நடிகனுக்கும் வராது என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாணிக்கமாக நடித்தவர் முனிராஜ். அடுகோடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தவர். அதற்கு முன் கேமராவைப் பார்த்ததே கிடையாது. லூர்து சார் தன் ஸ்கூட்டருக்கு ஏதோ செய்துகொள்ள அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறார். முனிராஜ் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஏறி, உருதுவில் முடித்தார் என்று லூர்து சார் சொல்வார். “அந்தாளு கோவம் மூணு பாஷைல படி ஏறுது எடிட்டரே. அத எழுதிக் குடுக்க யாராலயும் ஆவாது.” முனிராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அதனால் முழுப் படத்தையும் லூர்து சார் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே எடுத்தார். அன்று பட்டறைகள் மூடியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும், நடிப்பவர்கள் பேசுவதை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பின்னால் ஸ்டூடியோவில் நின்று திரையைப் பார்த்துத் திரும்பப் பேசும் டப்பிங் வேலை அந்தப் படத்தில் கிடையவே கிடையாது.

லூர்து சார் ‘கட்’ சொல்லி நான் கேட்டதில்லை. “சாக்கு” என்பார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். சாப்பாடு பரிமாறும்போது கை மறித்துச் சொல்வார்களே, அந்தச் சாக்கு. “கட்டுன்னா பயந்துடறான் பா. என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு நெனைக்கிறான். சாக்குன்னா வயிறு ரொம்பினா மாதிரி இருக்கும்” என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிறு, சென்னையிலிருந்து புதிதாக வந்த லைட்மேன் ஒருவர் செட்டில் இருந்தார். பூஜை முடிந்த கூடத்தில் முனிராஜ் தனியாக நிற்கும் காட்சி. வசனம் முடிந்தது. லூர்து சார், “சாக்கு! சாக்கு!” என்று கத்தினார். அந்தச் சென்னைக்காரர் திடுக்கிட்டு நாலாபக்கமும் தேடி, மூலையில் கிடந்த ஒரு கோணிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, கேமராவுக்கு முன்னாலேயே அதை முனிராஜின் கையில் கொடுத்தார். செட்டில் எல்லோரும் உறைந்து போனார்கள். முனிராஜ் மட்டும் அசரவில்லை. சாக்கைப் பிரித்துப் பார்த்தார். தரையில் கிடந்த மாலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதற்குள் போட்டார். “சாமிக்குப் போட்டது, நடிகருக்குப் போட்டது, ப்ரொட்யூசருக்குப் போட்டது, எல்லாம் ஒரே கோணிதான்” என்று சொல்லிவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போனார். யாரும் எழுதாத வசனம். படத்தின் மிகச் சிறந்த காட்சி அது. நான் சொல்கிறேன், எடிட்டர் சொல்கிறேன், அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படம் எடுத்தது தகும்.

அவரை ஆகாயத்துக்குத் தூக்க நான் உட்காரவில்லை. படத்தின் இரண்டாம் பாதி நீளம். பின்னணி இசையே இல்லாமல் ஒரு பாட்டு வைத்திருந்தார். சம்பளம் தராததால் இசை போடாமல் போன இசையமைப்பாளரைக் கிண்டல் செய்கிறாராம். நான் தொண்டை கிழியச் சொன்னேன், எடுத்துவிடுங்கள் என்று. “நீ கத்தரி வெச்சிருக்கே, அதனால எல்லாம் துணி மாதிரி தெரியுது” என்று என்னைத் திட்டினாரே ஒழிய, பாட்டை எடுக்கவில்லை. அந்தப் பாட்டு இன்றும் எனக்குப் பிடிக்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு விநியோகஸ்தர் வந்து பார்த்தார். கதை அவருக்குப் பிடித்திருந்தது. தமிழ்நாடு முழுக்க வெளியிடத் தயார் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. “இது என்ன சார் பாஷை? பாதி கன்னடம், பாதி சாயபு பாஷை. எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் புரியாது. சென்னைல நல்ல வாய்ஸ் ஆளுங்க இருக்காங்க. மொத்தப் படத்தையும் திரும்ப டப்பிங் பண்ணிடுவோம். முக்கியமா அந்த ஹீரோ குரலை மாத்தணும்” என்றார். லூர்து சாருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தப் படம் ஓடாவிட்டால் அடுத்த படம் கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று விநியோகஸ்தரை அனுப்பிவைத்தார்.

மறு ஞாயிறு எடிட்டிங் அறைக்கு முனிராஜ் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். “சார், என் வாய்ஸ் தானே? எட்த்துடு சார். எனக்கு இன்னா ஆவப்போவுது? மூஞ்சி இருக்குது இல்ல, அது போதும். உன் படம் ஓடட்டும்” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து வாதாடினேன். எல்லாப் படத்திலும் நடப்பதுதானே, இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்றேன்.

லூர்து சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் பா, நாம எடுத்த படம் இன்னா? வாயிருக்கிறவன பேச வுடாம, மூஞ்சிய மட்டும் வெச்சுனு யாவாரம் பண்ற ஆளுங்களப் பத்தி. அத நக்கல் பண்ணிட்டு, கடைசில நாமளே இவன் வாய அடைச்சா, அப்புறம் ஜோக்கு படமா, நாமளா?” என்றார். முனிராஜ் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். “சும்மா இரு பா. உன் மூஞ்சி எனக்கு எதுக்கு? உன் கோவத்துக்குத்தானே உன்னக் கூட்டினு வந்தேன்” என்று முடித்துவிட்டார். போனை எடுத்து, அந்த விநியோகஸ்தரிடம், மிகவும் மரியாதையாக, “நக்கோ சார்” என்று சொன்னார். வேண்டாம் என்பதைக்கூட அவருக்குப் புரியாத பாஷையில்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதரோடு வேலை செய்ததை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். கைக்குக் கிடைத்த ஒன்றிரண்டு தியேட்டர்களில் வெளியிட்டோம். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தியேட்டரில் பகல் காட்சிக்கு நாங்கள் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தோம். கூட்டம் என்று சொல்ல முடியாது. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்கள்தான் அதிகம். சாக்குக் காட்சி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். இடைவேளையில் ஒரு பையன், லூர்து சார் யாரென்று தெரியாமல் அவரிடமே வந்து, “அண்ணா, இது டப்பிங் படமா?” என்று கேட்டான். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. லூர்து சார் அவன் தோளில் கை போட்டு, “ஆமா தம்பி. தமிழ்லேந்து தமிழுக்கு” என்றார். பையன் தலையாட்டிவிட்டு பாப்கார்ன் வாங்கப் போனான். படம் அடுத்த வாரத்தைப் பார்க்கவில்லை. டிவிக்காரர்களும் வாங்கவில்லை.

அதற்கப்புறம் அவருக்குப் படம் வரவில்லை. கம்பெனிகளுக்குப் பயிற்சிப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். புலம்பல் கிடையாது. ஐ.டி. கம்பெனி ஒன்றுக்குத் தீ விபத்துப் பாதுகாப்புப் படம் எடுத்தார். அதில் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும், புகை வந்துகொண்டிருக்கும், மேனேஜர் மட்டும் “இன்னும் ரெண்டே பாயிண்ட்தான்” என்று மீட்டிங்கை முடிக்க மாட்டார். அந்த ஆபீசில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். “பாத்தியா எடிட்டரே, தீப்புடிச்சாதான் நம்ம ஜோக்கு புரியுது” என்று என்னிடம் சொன்னார். அந்தச் சின்னப் படத்தையும் அவர் ‘நாளைக்குப் பூஜை’ எடுத்த அதே பிடிவாதத்தோடுதான் எடுத்தார். மேனேஜராக நடித்தவர் அந்த ஆபீஸ் மேனேஜரேதான். அந்த ஆள் தன் சொந்தப் பேச்சிலேயே பேசினார்.

பிரேசர் டவுன் சர்ச்சில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கமும் முடிந்து, எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் வந்தார். அடையாளம் தெரியவில்லை. “நான் முனிராஜ் வீட்டுக்காரி சார், கலாவதி. பொம்மனஹள்ளில பையன் வீட்ல இருக்குறேன்” என்றார். முனிராஜ் சில வருடங்களுக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். அந்தச் சாவுக்கு நானும் லூர்து சாரும் சேர்ந்தே போயிருந்தோம்.

“நீதானே சார் அந்தப் படத்த வெட்டி ஒட்டினது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“வீட்ல அவுரு போட்டோ நெறைய இருக்குது சார். போட்டோ பேசாதே. போன்ல ரெண்டு மூணு வீடியோ இருந்துச்சு, அந்த போனும் ஒடஞ்சு பூட்ச்சு. அவுரு குரலு அந்தப் படத்துல மட்டும்தான் இருக்குது. அன்னிக்கு மாத்திருந்தா இன்னிக்கு எனக்கு எதுவும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன். சார்கிட்ட சொல்லலான்னு இருந்தேன், அதுக்குள்ள பூட்டாரு.”

அவரே தொடர்ந்தார். “படம் வாணாம் சார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அவுரு பேச்சு மட்டும் தனியா எட்த்துக் குடுப்பியா? கோவமா பேசுவாரே, அது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். படத்தில் இருப்பதை மட்டும் கொடுத்தால் கொஞ்சம்தான் தேறும் என்று, படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய டேக்குகளையும் போட்டுக் கேட்டேன். அப்போதுதான், அவற்றை எதற்காக ஒதுக்கினேன் என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் முனிராஜ் கோபத்தில் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும். அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துவிடும் சிரிப்பு. லூர்து சாருடையது. நேரடி ஒலிப்பதிவில் அது அப்படியே பதிவாகி, நல்ல நல்ல டேக்குகளைக் கெடுத்துவைத்திருந்தது. ஒன்றில் முனிராஜ் நொந்துபோய்க் கேட்கிறார்: “சார், நீ சிரிச்சா நான் எப்டி சார் கோவப்படறது?” அதற்கு அவர், மூச்சு வாங்கியபடி: “நீ இப்டிக் கோவப்பட்டா நான் எப்டிப் பா சிரிக்காம இருக்கறது?”

அவற்றை ஒரு போனில் ஏற்றி எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனேன். கலாவதி அம்மா போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை. இடையிடையே சாரின் சிரிப்பு குறுக்கிடுகிறதே என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. நடுவில் கேட்கும் அந்தச் சிரிப்பை என்னால் எடுத்துவிட முடியும், எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வாணாம் சார், வுட்டுடு” என்றார். “அவுரு பேச்சுக்கு யாராச்சும் சிரிக்கணும் இல்ல?”

விட்டுவிட்டேன். அதன் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு யாருமே சிரிக்கவில்லை என்று இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சிரித்திருக்கிறார், எடுத்த நாளிலேயே, வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். லூர்து சார் எனக்கு விட்டுப்போன பங்காக நான் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தான்.